சுருட்டியது யார்?

அந்த வீட்டுக்குள் நுழைந்த கையோடு எனக்கு முதல் திட்டு விழுந்தது. அதுவும் ஒரு செய்தித்தாளுக்காக.

"அதை விரிச்சு வைங்க," என்றாள் கதவைத் திறந்தவள். என் அக்குளில் இருந்த பேப்பரைத்தான் சொன்னாள். "இந்த வீட்டுல எதையும் சுருட்டக் கூடாது."

"சுருட்டினவனைப் பிடிக்கத்தானே மேடம் எங்களைக் கூப்பிட்டிருக்கீங்க?" என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. பஸ் போன பிறகு சாலையைப் பார்ப்பவர்கள் பார்க்கிற மாதிரி அவள் என்னைப் பார்த்தாள். சித்தி மட்டும் வாசற்படியில் ஒரு நொடி நின்று என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு உள்ளே வந்தாள்.

சித்தி என் அம்மாவின் தங்கை. துப்பறிவது அவள் தொழில். ஸ்கூட்டர் ஓட்டுவதும் வாய் ஓட்டுவதும் என் தொழில். என்னை அவள் 'வேட்டு' என்று கூப்பிடுவாள். முழுப்பெயர் வெத்துவேட்டு. கேஸ் கொடுக்க வருபவர்கள் எதிரில் மரியாதை கருதி முன்பாதியை முழுங்கிவிடுவாள். எனக்கு முன்வழுக்கை விழுந்த பிறகும் இந்தப் பெயர் மாறவில்லை.

விஷயம் இதுதான். கதவைத் திறந்தவளின் அப்பா பள்ளிப் பாடப் புத்தகங்களுக்குப் படம் போட்டவர். தவளையின் வயிறு, பூவின் குறுக்குவெட்டு, காதின் உள்பக்கம் எல்லாம் அவர் பென்சில். அவர் வரைந்த இதயத்தைப் பார்த்துத்தான் நான் பரீட்சையில் மாங்காய் வரைந்து முட்டை வாங்கினேன். போன மாதம் ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டார். அவர் மனைவி முன்பே போய்ச் சேர்ந்துவிட்டவர். அந்த அம்மா நோயில் படுத்திருந்தபோது, ஒரு மதியம் தூங்கிக்கொண்டிருந்த முகத்தை இவர் உட்கார்ந்து வரைந்திருக்கிறார். வேலைக்காக வரையாத ஒரே படம். அந்தப் படத்தைத்தான் காணோம்.

பிள்ளைகள் இரண்டு பேர். வீட்டில் அவர்களைப் பெரியவள், சின்னவன் என்றுதான் கூப்பிடுவார்களாம். பெரியவள் மூக்குக் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவள். சின்னவன் கூரியர் வண்டி ஓட்டுகிறான்.

"எடுத்தது அவன்தான்," என்றாள் பெரியவள். "அதுல சந்தேகம் இல்ல. சாயந்திரம் ஸ்டேஷனுக்குப் போறேன். புகார் எழுதி வச்சாச்சு. அதை யார்கிட்ட தள்ளிவிட்டான்னு மட்டும் கண்டுபிடிச்சுக் கொடுங்க. போதும்."

கூரியர்காரன் மேல் திருட்டுப் புகார் விழுந்தால் அன்றோடு அவன் வேலை காலி. அக்கா தம்பி உறவும் அன்றோடு காலி. அது அவளுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் மருந்துச் சீட்டைப் படித்துக்காட்டுகிற குரலில்தான் சொன்னாள். எனக்கு அவள் மேல் எரிச்சல் வந்தது. கொஞ்சம் கத்தவாவது செய்யலாமே என்று இருந்தது.

படங்கள் இருந்த அறையைக் காட்டினாள். வீட்டின் நடுவில், ஜன்னல் இல்லாத அறை. வெளிச்சுவர் பக்கம் வைத்தால் ஈரம் ஏறும் என்று அப்பா இதைத் தேர்ந்தெடுத்தாராம். நடுவே இடுப்பு உயரத்தில் ஒரு மர அலமாரி. முழுக்க அகலமான டிராயர்கள், ஒவ்வொன்றும் இரண்டு விரல் உயரம்தான்.

"இவ்வளவு ஒல்லியாவா டிராயர் செய்வாங்க?" என்றேன்.

"உயரமா செஞ்சா ஒண்ணு மேல ஒண்ணா அடைக்கத் தோணும். அப்புறம் அடியில இருக்கிற படம் என்ன ஆகும்?"

இரண்டு கையாலும் பிடித்து ஒரு டிராயரை மெதுவாக இழுத்தாள். கீழே கெட்டி அட்டை, அதன் மேல் படம், படத்தின் மேல் மெல்லிய டிஷ்யூ தாள். கிளிப் இல்லை, ரப்பர் பேண்ட் இல்லை. செல்லோடேப் என்றால் அந்த வீட்டில் கெட்ட வார்த்தையாம். உள்ளே ஒரு தவளை, குடல் தெரிய, மடிப்புச் சுருக்கம் இல்லாமல் மல்லாந்து படுத்திருந்தது. நான் பிறந்ததிலிருந்து அவ்வளவு நிம்மதியாகப் படுத்ததில்லை.

கடைசி டிராயரைத் திறந்தாள். அட்டை மட்டும் இருந்தது.

என் ஹெல்மெட்டை வைக்க இடம் தேடினேன். அலமாரியின் தலையில் பழுப்பு நிற எக்ஸ்ரே கவர் ஒன்றும், வாய் கட்டிய துணிப்பை ஒன்றும் கிடந்தன.

"இது மேல வைக்கலாமா?"

"வைங்க. ஆஸ்பத்திரியில கொடுத்த சாமான். இன்னும் பிரிக்கல."

"ஏன் பிரிக்கல?" என்றாள் சித்தி.

"தெரியல. கை போகல." விரல்களை விரித்துப் பார்த்துக்கொண்டாள். "அழுகையும் வரல. எல்லாமே மரத்துப்போன மாதிரி இருக்கு. கடைக்குப் போறேன், வர்றேன், தூங்கறேன். அவ்வளவுதான்."

நான் ஹெல்மெட்டை எக்ஸ்ரே கவர் மேல் வைத்தேன். சித்தி ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவளுக்கு முட்டி வலி. நின்றால் மூளை வேலை செய்யாது.

"தம்பி எடுத்தார்னு யார் சொன்னது?"

"அப்பாதான். கடைசி வாரத்துல ஒருநாள். மூச்சு வாங்கிட்டே சொன்னார்."

"வார்த்தை மாறாம சொல்லுங்க."

"'சின்னவன் சுருட்டிட்டான். நான் படிய வைக்கிறேன். நீ பேசாம உட்காரு.' இவ்வளவுதான். எதைன்னு கேட்டேன். 'அம்மா'ன்னார். வீட்டுக்கு வந்து பார்த்தேன், டிராயர் காலி. அவனை வழிக்குக் கொண்டுவர்றேன், நீ தலையிடாதேன்னு சொல்றார்னு நினைச்சு நானும் வாயைத் திறக்கல. அதுக்குள்ள அவரே போயிட்டார்."

"தம்பியைக் கேட்டீங்களா?"

"அப்பாவோட காரியம் எல்லாம் முடிஞ்ச அன்னிக்குக் கேட்டேன். 'எடுத்தியா?' 'எடுத்தேன்.' 'எங்க?' 'அப்பாகிட்ட கொடுத்தேன்.' எப்படி இருக்கு? எழுந்து வந்து இல்லேன்னு சொல்ல முடியாதவர் மேல பழி போடுறான். வெளிய போடான்னேன். போயிட்டான்."

"எங்கெல்லாம் தேடினீங்க?"

"மெத்தைக்கடியில, கண்ணாடிச் சட்டத்துக்குப் பின்னாடி, அட்லஸுக்குள்ள. ஒரு பேப்பர் எங்கெல்லாம் தட்டையா படுக்குமோ அங்கெல்லாம்."

சித்தி எழுந்தாள். கதவருகே போனவள் திரும்பினாள்.

"உங்கப்பா திருட்டுக்கு வழக்கமா என்ன வார்த்தை சொல்லுவார்?"

பெரியவள் யோசித்தாள். "'லவட்டிட்டான்'னுவார். பென்சில், ரப்பர் எது காணாமப் போனாலும் 'எவன்டா லவட்டினது'ம்பார்."

"சுருட்டிட்டான்னு?"

"அது... ஸ்கூல்ல கொடுத்த சர்டிபிகேட்டை நான் ஒருதடவை சுருட்டிட்டு வந்தேன். அன்னிக்குக் கத்தினார். ரெண்டு நாள் பேசல."

"சாயந்திரம் வரைக்கும் ஸ்டேஷனுக்குப் போகாதீங்க," என்றாள் சித்தி. என்னிடம், "ஹெல்மெட்டை மறந்துட்டே," என்று அவள் சொன்னபோது நாங்கள் தெருமுனைக்கு வந்துவிட்டிருந்தோம்.

"திரும்பி வரத்தானே போறோம் சித்தி. அதுவரைக்கும் என் தலைக்கு நீ பொறுப்பு."

"உள்ள ஏதாவது இருந்தாத்தானே பொறுப்பு." ஸ்கூட்டரின் பின்னால் ஏறி உட்கார்ந்தாள். "ஆனா ஒண்ணு, வேட்டு. வாசல்லயே பாதி கேஸை நீ முடிச்சுட்டே. உனக்குத்தான் தெரியாது."

"நானா?"

"சுருட்டறதுன்னா என்ன?"

"அடிச்சுட்டுப் போறது."

"இன்னொரு அர்த்தம்?"

"பாயைச் சுருட்டறது, படுக்கையைச் சுருட்டறது..." நான் பிரேக் போட்டேன். பின்னால் வந்த ஆட்டோக்காரர் என் பரம்பரையை விசாரித்துவிட்டுப் போனார்.

"அந்த வீட்டுல திருடறது பெரிய தப்பா, சுருட்டறது பெரிய தப்பா?" என்றாள் சித்தி. "மனுஷன் பார்த்ததைப் பார்த்தபடி சொல்லியிருக்கார். மகதான் டிக்‌ஷனரியில வேற பக்கத்தைப் பார்த்துட்டா. வண்டியை எடு. சுருட்டினவனைப் பார்க்கணும்."

கூரியர் கிடங்கின் பின்பக்கம் சின்னவன் பெட்டிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தான். நாங்கள் யார் என்று சொன்ன பிறகும் ஏற்றுவதை நிறுத்தவில்லை. அக்காவின் முகம்தான், மீசை மட்டும் கூடுதல். அந்த முகத்திலும் ஒன்றும் இல்லை. குடும்பமே சேர்ந்து மரத்துப்போயிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

"படத்தைச் சுருட்டினீங்களா?" என்றாள் சித்தி.

"சுருட்டினேன்."

"எதுல?"

அவன் மூலையைக் காட்டினான். போஸ்டர் அனுப்புகிற அட்டைக் குழாய்கள் ஒரு டிரம்மில் நிறுத்தி வைக்கப்பட்டிருந்தன.

"ஏன்?"

"அப்பா அம்மாவைப் பார்க்கணும்னார். திரும்பத் திரும்பச் சொன்னார். அன்னிக்கு மழை. பைக்ல அட்டையோட கொண்டுபோனா நனையும், வளையும். மேல டிஷ்யூ வச்சு, தளர்வா சுருட்டி, குழாய்ல போட்டு, பிளாஸ்டிக் சுத்தி எடுத்துட்டுப் போனேன். ஒரு சொட்டு படல."

"அக்காகிட்ட சொல்லலையா?"

"சொன்னா விடமாட்டா. அந்த வீட்டுல சுருட்டறேன்னு சொல்லிப் பாருங்க."

"பார்த்தோம். பேப்பர்காரன்கூட அங்க தட்டையாத்தான் வீசணும் போல," என்றேன்.

அவன் கடைசிப் பெட்டியை ஏற்றிவிட்டுக் கைகளைத் தட்டிக்கொண்டான்.

"அப்பா கையில கொடுத்தேன். விரிச்சுப் பார்த்தார். சந்தோஷப்படுவார்னு நினைச்சேன். பேப்பர் நிக்கல. கையை எடுத்ததும் மறுபடி சுருண்டுக்கிச்சு. அம்மா முகம் உள்ள போயிடுச்சு. திரும்ப விரிச்சார், திரும்பவும் போயிடுச்சு. 'சுருட்டிட்டியேடா'ன்னார். 'வெளிய போ'ன்னார். போயிட்டேன்."

"அப்புறம்?"

"அடுத்த நாள் போனேன். மூஞ்சியைத் திருப்பிக்கிட்டார். படம் கண்ணுல படல. கேட்கத் தோணல. அப்புறம் அவரே இல்ல." வண்டியின் கதவைச் சாத்தினான். "இப்பல்லாம் பசிக்கிறதுகூட இல்ல. மணி பார்த்துச் சாப்பிடறேன்."

"அக்கா புகார் கொடுக்கப் போறாங்க. தெரியுமா?"

"கொடுக்கட்டும்."

"வேலை போயிடும்."

"போகட்டும்."

அவன் அப்பாவி என்று எனக்குத் தோன்றியது. அப்பாவி என்று நம்பவைக்கக்கூட அவனுக்குத் தெம்பில்லை என்பதுதான் எனக்கு வலித்தது.

ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் நான் சொன்னேன், "கிழவர் கோபத்துல கிழிச்சுப் போட்டிருப்பார் சித்தி. குப்பைத்தொட்டிக்குப் போயிருக்கும்."

"தவளைக் குடலுக்கு டிஷ்யூ போர்த்தினவர், பொண்டாட்டி முகத்தைக் கிழிப்பாரா?"

"அப்ப எங்க?"

"சுருண்ட பேப்பரை வச்சுக்கிட்டு அந்த மாதிரி ஆள் என்ன பண்ணுவார்? அதை மட்டும் யோசி."

நான் யோசித்தேன். சிக்னல் விழுந்ததுதான் மிச்சம்.

அவர் இருந்த வார்டில் ஒரு சிஸ்டர் கணக்குப் பார்த்துப் பார்த்து மாத்திரைகளைச் சின்னக் கிண்ணங்களில் போட்டுக்கொண்டிருந்தார். படம் போடுகிறவர் என்றதும் நிமிர்ந்தார்.

"அவரா? தங்கமான மனுஷன். ஆனா பிடிவாதம். கட்டிலைத் தலைப்பக்கம் தூக்கவே விடமாட்டார். சாப்பிடும்போதுகூட மட்டமாத்தான் இருக்கணும். முதுகு வலின்னு சொல்லி மெத்தைக்கடியில பலகை போடச் சொன்னார். டாக்டர் தட்டிப் பார்த்தார், முதுகுல ஒண்ணும் இல்ல."

"பலகை போட்டீங்களா?" என்றாள் சித்தி.

"கேட்டதைச் செஞ்சுட்டா வார்டு அமைதியா இருக்கும். போட்டோம். ரொம்ப மரியாதை தெரிஞ்சவர். யார் வந்தாலும் 'உட்காருங்க உட்காருங்க'ம்பார். ஸ்டூல்ல உட்கார விடமாட்டார், கட்டில்லயேதான் உட்காரணும். பக்கத்துப் படுக்கையில ஒரு லாரிக்காரர் இருந்தார், நல்ல குண்டு. அவர் மேல இவருக்கு உயிர். பொழுதன்னைக்கும் 'வந்து உட்காருய்யா'ன்னு கூப்பிடுவார். அவங்க பேசிக்கிட்டு நான் பார்த்ததே இல்ல. சும்மா உட்கார்ந்திருப்பார் அந்த மனுஷன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. சித்தி சிரிக்கவில்லை. அவள் முகம் இறுகிக்கொண்டே போனது.

"எடை பார்த்தீங்களா அவருக்கு?"

"அதை ஏன் கேட்கறீங்க. தானா கேட்டு எடை பார்த்துக்குவார். நாளுக்கு நாள் குறைஞ்சுக்கிட்டே வந்துச்சு. 'கனம் பத்தல சிஸ்டர், கனம் பத்தல'ம்பார். உடம்பு தேறலையேன்னு கவலைப்படறார்னு நான் சத்து மாவு கரைச்சுக் கொடுக்கச் சொன்னேன். அதையும் மடக்கு மடக்குன்னு குடிப்பார், பாவம்."

சித்தி மாத்திரை மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். முட்டி வலியாக இருக்கும் என்று நாற்காலியை நகர்த்தினேன். வேண்டாம் என்று தலையாட்டினாள்.

"அவர் போனப்புறம் படுக்கையை எடுத்தது யாரு?"

"ஆயாம்மாதான். சாமானெல்லாம் மகள்கிட்ட கொடுத்தோம். பல்செட்டு, கண்ணாடி, அப்புறம் மெத்தைக்கடியில ஒரு எக்ஸ்ரே கவர்."

"மெத்தைக்கடியிலயா?"

"எக்ஸ்ரேவை எல்லாரும் அங்கதானே வைக்கிறாங்க?" என்றார் சிஸ்டர். "யாரு அதைப் பிரிச்சுப் பார்த்தா?"

திரும்பும் வழியில் என் வாயிலிருந்து ஒரு ஜோக்கும் வரவில்லை. எனக்கே அது புதுசாக இருந்தது.

நாங்கள் போனபோது பெரியவள் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். கையில் புகார், மடிக்காமல் அட்டைக்குள் வைத்து.

"யார்கிட்ட வித்தான்?" என்றாள்.

"உள்ள வாங்க, சொல்றேன்." சித்தி நேராக நடு அறைக்குப் போய் ஸ்டூலில் உட்கார்ந்தாள். "ஆஸ்பத்திரியில அப்பா பக்கத்துல நீங்க எங்க உட்காருவீங்க?"

"கட்டில்லதான். ஸ்டூலை எடுக்க விடமாட்டார். 'நல்லா ஏறி உட்காரு'ம்பார்."

"உங்க தம்பி படத்தைச் சுருட்டினார். அதாவது, சுருட்டினார். குழாய்ல போட்டு, மழையில நனையாம, அப்பா பார்க்கணும்னு கேட்டதுக்காகக் கொண்டுபோனார். அப்பா விரிச்சார், நிக்கல. உங்கம்மா முகம் சுருண்டு சுருண்டு உள்ள போச்சு. சுருண்ட பேப்பரை இந்த வீட்டுல என்ன செய்வீங்க?"

"மெதுவா விரிச்சு, டிஷ்யூ வச்சு, ரெண்டு தட்டையான பரப்புக்கு நடுவுல..." அவள் குரல் அந்த இடத்தில் தடுக்கியது. "மேல கனம் வைப்போம். நாள்கணக்கா. படியற வரைக்கும்."

"அப்பா சொன்னதை இப்ப மறுபடி சொல்லுங்க."

"சின்னவன் சுருட்டிட்டான்." நிறுத்தினாள். "நான் படிய வைக்கிறேன்." கையிலிருந்த புகாரை அறை வாசலிலேயே கீழே வைத்தாள். "நீ... பேசாம உட்காரு."

"அவருகிட்ட இருந்த ஒரே கனம் அவர் உடம்புதான்," என்றாள் சித்தி. "அதுவும் குறைஞ்சுக்கிட்டே வந்துச்சு. அதான் வந்தவங்களையெல்லாம் உட்காரச் சொன்னார். வேட்டு, உன் ஹெல்மெட்டை எடு."

எடுத்தேன். எக்ஸ்ரே கவரைச் சித்தி தொடவில்லை. பெரியவள் பக்கம் தள்ளவும் இல்லை. பெரியவள்தான் செருப்பைக் கழற்றிவிட்டு, கைகளைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து கவரின் வாயைத் திறந்தாள். தட்டையான பேப்பர் படுக்கும் இடமெல்லாம் தேடியவள், அப்பாவின் நெஞ்சுக்கூடு இருக்கும் என்று நினைத்து இந்த ஒன்றை மட்டும் விட்டிருந்தாள்.

உள்ளே எக்ஸ்ரே இல்லை. இரண்டு அட்டைகள், நடுவே டிஷ்யூ தாள். அதைத் தூக்கினாள்.

ஒரு பெண் தூங்கிக்கொண்டிருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. நெற்றியில் ஒட்டிய முடி, தலையணையின் பள்ளம். எனக்கு அந்த அம்மாவைத் தெரியாது. ஆனாலும் சத்தம் போடக் கூடாது என்று தோன்றியது.

"இது மேலயா நான் தினமும் உட்கார்ந்தேன்?" என்றாள் பெரியவள்.

"அவர் உட்காரச் சொன்னார். உட்கார்ந்தீங்க. படிஞ்சிருக்கு பாருங்க."

அட்டையோடு படத்தைத் தூக்கி மேஜையில் வைத்தாள். படிந்துதான் இருந்தது. ஒரு மூலை மட்டும், வலதுபக்கக் கீழ்மூலை, மெல்ல எழும்பி உள்பக்கமாகத் திரும்பியது. அவருக்கு இன்னும் கொஞ்சம் நாள் கிடைத்திருந்தால் அதுவும் படிந்திருக்கும். பெரியவள் டிஷ்யூவை மேலே வைத்து அந்த மூலையை உள்ளங்கையால் அழுத்தினாள். கையை எடுத்தாள். எழும்பியது. திரும்ப அழுத்தினாள். அப்போதுதான் அவள் தோள் குலுங்கியது. அழுகை சத்தமாக வரவில்லை. ஆனால் வந்தது. முகத்தைப் படத்திலிருந்து விலக்கி வைத்துக்கொண்டுதான் அழுதாள். தண்ணீர் பட்டால் தாள் உப்பிவிடும் என்பது அந்த நேரத்திலும் அவளுக்கு மறக்கவில்லை.

அறை வாசலில் கிடந்த புகாரை எடுத்தேன். அந்த வீட்டில் சுருட்டத் தகுந்த ஒரே காகிதம் அதுதான். நன்றாகச் சுருட்டி என் பாக்கெட்டில் சொருகிக்கொண்டேன். பெரியவள் பார்த்தாள். இந்த முறை திட்டு விழவில்லை.

ஒரு கை மூலையை அழுத்தியிருக்க, இன்னொரு கையால் போனை எடுத்தாள். ரொம்ப நேரம் மணி அடித்தது. அவன் எடுத்தான்.

"டேய் சின்னவனே," என்றாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "ஒரு மூலை இன்னும் படியல. கனம் பத்தல. வந்து உட்காருடா."